மழை விட்டாச்சு, கரைக்குப் போகலாமா? (வாசகர் கேள்வி பதில்)

ஐப்பசியும் கார்த்திகையும் போட்டு நனைத்ததில் கண்மாய் நிறைந்த மாதிரியே என் தபாலும் நிறைந்துவிட்டது. பாதிக் கடிதம் ஒரே விஷயம்தான்: முழங்கால் போனவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள், எல்லோருக்கும் வயக்காட்டுப் பக்கம் போய் நிற்க ஆசை, எல்லோர் வீட்டிலும் சேற்றைக் காட்டித் தடுக்கிறார்கள். எனக்கும் சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் சூம்பிப்போனது, கம்பு ஊன்றித்தான் நடக்கிறேன், அதனால் இந்த வாரம் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. சமையல் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 63 வயது. இரண்டு முழங்காலும் தேய்மானம். டாக்டர் நடக்கச் சொல்கிறார், மகன் வாசலைத் தாண்ட விடமாட்டேன் என்கிறான். வீட்டுக்குள்ளேயே எட்டுப் போட்டு நடந்து அலுத்துவிட்டது. நாலு வருஷத்துக்கு அப்புறம் எங்கள் கண்மாய் நிறைந்து உபரித் தண்ணீர் மறுகால் போகிறது, கரையில் போய்ப் பார்க்க வேண்டும். போகலாமா? (மேலூர் பக்கத்து வாசகி)

பதில்: போங்கம்மா. ஆனால் நாளைக்கே போகாதீர்கள். வெயில் அடித்ததும் தரை காய்ந்துவிட்டது என்று கண் சொல்லும், கால் வைத்தால்தான் சங்கதி தெரியும். உங்கள் பக்கம் பெரும்பாலும் செம்மண், சரளையும் கலந்திருக்கும், தண்ணீரைச் சீக்கிரம் கீழே இறக்கிவிடும், நல்ல வெயில் கிடைத்தால் மூன்று நாலு நாளில் வண்டிப்பாதை நடக்கிற பதத்துக்கு வந்துவிடும். அதே ஊரில் வயலுக்குள் இருக்கிற மண் வேறு. காலம் காலமாகச் சேறு கலக்கி நாற்று நட்டுக் களியாகிப்போன மண் அது, தண்ணீரைப் பிடித்தால் விடாது. பெரியாறு கால்வாய்த் தண்ணீரும் பாய்கிற வயலாக இருந்தால் மழை நின்றாலும் ஈரம் நிற்காது. ஆகவே வரப்பு வேண்டவே வேண்டாம். நல்ல முழங்கால்காரர்களே வரப்பில் சறுக்கி நாற்றுக்குள் உட்கார்ந்த கதை ஊருக்கு நாலு இருக்கும்.

பதம் பார்க்க எங்கள் அய்யா சொல்லித்தந்த வழி ஒன்று. ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்ட வேண்டும், உருண்டையாகி விரலில் அப்பிக்கொண்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான், அழுத்தினதும் பொலபொலவென்று உதிர்ந்தால் போகலாம். குனிய முடியாதே என்பீர்கள். எனக்கும் முடியாது. அதற்குப் பதில் கைத்தடியை ஊன்றிப் பாருங்கள், இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கினால் அந்தப் பாதை இன்றைக்குக் கிடையாது. குதிகாலை அழுத்தும்போது செருப்பைச் சுற்றித் தண்ணீர் ஊறி வந்தாலும் அதே பதில்தான்.

கரை மேலே டிராக்டர் போன தடம் இருக்கும் அல்லவா, இரண்டு பக்கமும் டயர் பள்ளம், நடுவில் புல் மேடு. பள்ளத்தில் மண் இறுகியிருக்கும் என்று எல்லோரும் அதில்தான் நடப்பார்கள். மழைக்கு அப்புறம் தண்ணீர் நிற்பதும் அதே இடத்தில்தான், மேலே காய்ந்த பொருக்கு, அடியில் வெண்ணெய் மாதிரி வழுக்கல். நடுமேட்டில் நடங்கள். புல்லுக்குள் நண்டு வளையும் எலி வளையும் ஒளிந்திருக்கும் என்பதால் ஒவ்வொரு எட்டுக்கும் முன்னால் தடி போகட்டும், பின்னால் கால். கரையில் ஏறும்போது வலி குறைவான கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். தடியை அதிகம் வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் மோசம் என்றால் தடி இடது கையில். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் வலிக்கிற பக்கமே பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள்!

மறுகாலைப் பார்க்கலாம், அந்தத் தண்ணீர் வழிந்து போகிற கல் கட்டு, அதுதான் கலுங்கு, அதில் கால் வைக்கக் கூடாது. தண்ணீர் ஓடுகிற கலுங்குக் கல்லில் பாசி படிந்திருக்கும், அங்கே தடியும் நிற்காது, ஆளும் நிற்க முடியாது.

எந்த நேரம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நடைப்பயிற்சி என்றாலே விடிகாலை என்று ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். மார்கழி, தை மாதத்தில் நம் ஊர்ப் புல்லில் பனி இறங்கி எட்டு மணி வரைக்கும் சொட்டச் சொட்ட நிற்கும், அதில் செருப்பு வழுக்கும், குளிரில் முழங்காலும் விறைத்திருக்கும். ஒன்பது மணிக்குப் போங்கள். சாயங்காலம் என்றால் நாலு மணிக்குப் போய் ஐந்தரைக்கெல்லாம் தார் ரோட்டுக்கு வந்துவிடுங்கள், இருட்டில் கரையில் இறங்குகிற வேலை வேண்டாம்.

இன்னொன்று, உங்கள் மகனிடம் கொடுக்க வேண்டிய வேலை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முன்கூட்டியே கொண்டுபோய் மடைக்குப் பக்கத்தில் தரை கெட்டியாக இருக்கிற இடமாகப் பார்த்துப் போட்டுவிடச் சொல்லுங்கள். காட்டில் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய சிரமம் நடப்பதில் இல்லை, உட்கார இடம் இல்லாததில்தான் இருக்கிறது. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். நாற்காலி காத்திருக்கிறது என்று தெரிந்தால் நூறு எட்டு தைரியமாக வைக்கலாம். திரும்பி வந்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி கூடுதலாகவே இருந்தால் அன்றைக்கு நடந்தது அதிகம், அடுத்த நாள் குறைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இடது பக்கம் பலவீனம். நாலுகால் தடியோடு வீட்டுக்குள் நடக்கிறார். பருத்திக் காட்டைப் பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்கிறார். எங்கள் ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே, சுத்தக் கரிசல். (திருமங்கலம் வாசகர்)

பதில்: தம்பி, மேலூர் அம்மாவுக்குச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கரிசலின் குணமே வேறு. அந்தக் களி தண்ணீரைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஈரத்தில் பத்து எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு செருப்பிலும் ஒரு கிலோ மண் ஏறிவிடும், நல்ல காலையே தூக்க முடியாது, பலவீனமான கால் எப்படித் தூக்கும்? நன்றாகக் காய்ந்த பிறகு போகலாம் என்று மாசி வரைக்கும் விட்டால் வெடிப்பு விழுந்துவிடும், தடி உள்ளே இறங்கிச் சிக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், மேல்மண் வெளுத்து இன்னும் வெடிக்காமல் இருக்கிற கொஞ்ச நாள்தான் கரிசலில் கம்புக்காரனுக்கு உண்டு. அந்த நாட்களை உங்கள் அப்பாவே கண்டுபிடித்துவிடுவார், உழுது விதைத்த மனுஷன், மண்ணின் நிறம் மாறுவது உங்களை விட அவருக்கு நன்றாகத் தெரியும். அவரையே கேளுங்கள். கேட்டாலே பாதி சந்தோஷம் வந்துவிடும்.

நாலுகால் தடி வீட்டுத் தரைக்கானது. மேடுபள்ளத்தில் நாலு காலும் ஒரே நேரத்தில் பாவாது, ஆடும், நம்பி ஊன்றினால் சாய்த்துவிடும். வெளியே போக ஒற்றைத் தடியைப் பிசியோதெரபிஸ்ட் முன்னால் முதலில் பழகிப் பார்க்கட்டும், அவர் சரி என்றால் மட்டும் காட்டுக்கு. தடியை வலது கையில் கொடுத்துவிட்டு நீங்கள் இடது பக்கம், அரை எட்டு பின்னால் வாருங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், பலவீனமான தோள் சுளுக்கிக்கொள்ளும். இடுப்பில் ஒரு அகலமான பெல்ட்டைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தடியின் அடியில் இருக்கிற ரப்பர் புஷ்ஷைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாசம். மதுரையில் ஒரு கடையில் வாங்கிய பளபளக்கிற அலுமினியத் தடியோடு எங்கள் ஊர் ஓடைக்கரைக்குப் போனேன். சகதியில் ஊன்றித் தூக்கினேன், ளொக் என்று ஒரு சத்தம், தடி வந்துவிட்டது, புஷ் வரவில்லை. குழியைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், ஓரத்திலிருந்து கலங்கல் தண்ணீர் மெதுவாக ஊறி அந்தக் கறுப்பு ரப்பரை மூடுகிறது, கண்ணுக்கு முன்னாலேயே காணாமல் போய்விட்டது. வெறும் குழாய் முனை அடுத்த எட்டில் சரளைக் கல்லில் பட்டு வழுக்கியது, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆடு மேய்க்கிற பையன் வந்து தூக்கிவிட்டான், "சித்தப்பா, எங்க அப்பத்தா கம்புல சைக்கிள் டியூபச் சுத்தி கம்பி போட்டுக் கட்டிருக்கும்" என்றான். அன்றைக்கிலிருந்து என் தடியிலும் புஷ்ஷுக்கு மேலே சைக்கிள் டியூப் துண்டு மாட்டி இறுக்கிக் கட்டியிருக்கிறேன். உபரியாக ஒரு புஷ் சட்டைப்பையில். அடியில் இருக்கிற வரி தேய்ந்து மொழுக்கையான புஷ்ஷை ஈரத்துக்குக் கொண்டுபோகவே கூடாது, புதுசு வாங்க ஆகிற காசு ஒரு எக்ஸ்ரே செலவில் கால்வாசி கூட வராது.

கரிசல் காய்ந்தும் வெடிக்காமல் இருக்கிற அந்த நாள் வாய்க்கவில்லை என்றால், காட்டை ஒட்டித் தார் ரோடு இருந்தால் வண்டியில் கூட்டிப்போய் ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். நீங்கள் போய் ஒரு பருத்திக் காயைப் பறித்துக் கையில் கொடுங்கள். காய்ப்புழு இருக்கிறதா என்று அவர் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

கேள்வி: நான் கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கிறேன். சோழவந்தானிலிருந்து அப்பா மார்ச் கடைசியில் வருகிறார். ஒரு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை ஆகி எட்டு மாதம். நாங்கள் இருப்பது நகரத்துக்கு வெளியே, சுற்றிலும் பண்ணை நிலம். பனி உருகுகிற நேரம் அது. வெற்றிலைக் கொடிக்காலில் நடந்து பழகியவர், வீட்டுக்குள் இருக்கமாட்டார்.

பதில்: கொடிக்கால்காரர் எப்படி இருப்பார்! சரி, ஒரு விஷயத்தை மட்டும் அவருக்கு விமானத்திலிருந்து இறங்கியதும் விளங்கச் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் மேலே ஈரம் இருந்தாலும் தண்ணீருக்குக் கீழே இறங்க வழி உண்டு. அங்கே பனி உருகுகிற காலத்தில் மேல் சில அங்குலம் இளகியிருக்கும், அடியில் மண் இன்னும் கல்லாக உறைந்திருக்கும். உருகிய தண்ணீர் போக இடமில்லாமல் மேலேயே நின்று கூழாகிவிடும். மண்ணின் பலம் அந்த நேரத்தில் எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு அடையாளம் சொல்கிறேன்: ஒன்டாரியோவில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பல சிறு சாலைகளில் லாரிகளுக்குப் பாதிச் சுமைதான் அனுமதி. லாரிக்கே அந்த நிலைமை என்றால் முழங்கால் மாற்றிய மனுஷனுக்கு?

நேரக் கணக்கும் தலைகீழ். ராத்திரி மறுபடி உறைந்துவிடுவதால் காலையில் தரை கெட்டியாக இருக்கும், ஆனால் குட்டையெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸ், நிழல் விழுந்த இடத்தில் கண்ணுக்கே தெரியாது. மத்தியானம் ஐஸ் போய்ச் சேறு வந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட பத்து, பதினோரு மணி வாக்கில் வெயில் பட்ட சரளைப் பாதையில் போவதுதான் ஓரளவு நல்லது. ஷூவுக்கு அடியில் மாட்டுகிற முள் பட்டையும், தடிக்கு மடக்குகிற ஐஸ் முனையும் அங்கே கடையில் கிடைக்கும். வீட்டுத் தரைக்கு வந்ததும் மறக்காமல் முனையை மடக்கிவிட வேண்டும், டைல்ஸில் அதுவே ஆளைச் சறுக்கிவிடும். உழுத நிலத்துக்குள் இறங்க விடாதீர்கள், அது பண்ணைக்காரருக்கும் ஆகாது, ஈர நிலத்தை மிதித்தால் மண் இறுகிப்போகும். நம் அப்பாக்களுக்கு இந்தக் காரணத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், "உங்களுக்கு முடியாதுப்பா" என்று சொன்னால் வேண்டுமென்றே இறங்குவார்கள்.

வெயில் 4 டிகிரியைத் தாண்டினாலே அங்கே உண்ணி நடமாடத் தொடங்கிவிடும். ஓரத்துப் புல்லில் நின்றுவிட்டு வந்தால் கால், முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள், கடித்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், ராத்திரி உறைந்து பகலில் இளகுகிற அந்த நாட்களில்தான் மேப்பிள் மரத்தில் பால் இறங்கும், வாளி கட்டி எடுப்பார்கள். சர்க்கரைப்பாகு காய்ச்சுகிற பண்ணைகள் பலவற்றில் வண்டி போகிற பாதை இருக்கும். பதநீர் இறக்கிப் பார்த்த மனுஷனுக்கு அது போதும், ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுக்கொண்டே நிற்பார். கையில் மடக்கு ஸ்டூல் எடுத்துப்போங்கள்.

கேள்வி: கம்பு ஊன்றிப் போனால் தெருவில் "அதுக்குள்ள கிழவியாயிட்டியாடி" என்கிறார்கள். எனக்கு 49தான். (அலங்காநல்லூர்)

பதில்: நாய் விரட்ட வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். நான் பதினைந்து வருஷமாக அதைத்தான் சொல்கிறேன், ஒருத்தரும் நம்பவில்லை, ஆனால் அதற்கு மேல் கேட்பதில்லை.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன், சக்கர நாற்காலியில் போகிறவள். தோழிகள் கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கூப்பிடுகிறார்கள். படிதான் இருக்கிறதாமே, நான் போய் என்ன செய்ய? அரிட்டாபட்டி போகலாமா? (மதுரை வாசகி)

பதில்: போம்மா. மேலே சமணச் சிற்பங்கள் இருக்கிற செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் இரண்டுக்கும் படி ஏறத்தான் வேண்டும், அதை மழுப்பிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தின் அழகில் பாதி கீழேதான் இருக்கிறது: தாமரைக் குளம், ஆலமரங்கள், கருப்பசாமி கோயில், தலைக்கு மேலே அப்படியே நிமிர்ந்து நிற்கிற மொட்டைப் பாறை. தோழிகள் ஏறிவிட்டு மூச்சு வாங்க இறங்கி வரும்போது நீ குளத்தில் முக்குளிப்பான் பறவை எத்தனை என்று எண்ணி முடித்திருக்கலாம். முங்கின இடத்தில் எழுந்திருக்காது அது, எண்ணுவது லேசுப்பட்ட வேலை இல்லை.

அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர், பக்கத்து மீனாட்சிபுரமும் சேர்த்தி. குன்றும் கண்மாயும் சுனையுமாக இருக்கிற இடம், மழை முடிந்த கையோடு போனால் பச்சை கண்ணை நிறைக்கும். ஆனால் ரோட்டை விட்டு இறங்கினால் பாறையும் மண்பாதையும்தான். மழை விட்டு ஒரு வாரமாவது போகட்டும், ஊர் ரோட்டிலிருந்தே கண்மாயைப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

தோழிகளுக்கு ஒரு பாடம். இளகின மண்ணில் நாற்காலியை முன்னால் தள்ளினால் சின்னச் சக்கரம் புதைந்து ஆளையே முன்னால் கவிழ்க்கும். நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுக்க வேண்டும், பெரிய சக்கரம் முதலில் போகும், சின்னது சும்மா பின்னால் வரும். பெல்ட் போட்டுக்கொள். நீ சொல்லாமல் யாரும் கைப்பிடியைத் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடு. வீட்டுக்கு வந்ததும் சின்னச் சக்கரத்தின் அச்சில் சுற்றியிருக்கிற புல்லையும் மண்ணையும் எடுத்துவிட்டுத் துடைக்க வேண்டும், விட்டால் இறுகிவிடும்.

கேள்வி: மாமியாருக்கு 71. சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு, வாக்கரோடுதான் நடக்கிறார். வருஷா வருஷம் போகியன்று காப்புக்கட்டுக்குக் கூரைப்பூவும் (பூளைப்பூ) ஆவாரம்பூவும் காட்டுக்குப் போய் அவரே பறித்து வருவார். போன வருஷம் கடையில் வாங்கியதற்கு ஒரு வாரம் பேசவில்லை. (வாடிப்பட்டி வாசகி)

பதில்: அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கூரைப்பூ நல்லவேளையாகத் தரிசு, ரோட்டோரம் என்று எங்கும் முளைக்கிற செடி, அதற்காக உள்ளே போக வேண்டியதில்லை. முதல் நாளே நீங்கள் வண்டியில் ஒரு சுற்றுப் போய், தார் ரோட்டை ஒட்டிக் கெட்டித் தரையில், குப்பை கொட்டாத இடமாகப் பூத்து நிற்பதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெறுங்காலோடு மட்டும் இறங்கவிடாதீர்கள். "மண்ணு பட்டா நல்லது" என்பார், உணர்ச்சி இல்லாத பாதத்தில் நெருஞ்சியோ கருவேல முள்ளோ ஏறினால் தெரியவே தெரியாது, சீழ் வைத்த பிறகுதான் தெரியும். சாக்ஸ் போட்டு, விரல் மூடின, பின்னால் வார் உள்ள செருப்பு. தேங்கின தண்ணீரில் கால் வைக்க வேண்டாம், சின்ன வெடிப்பு இருந்தாலும் எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரைக்கும் துடைத்து, நீங்களே உள்ளங்காலைப் பாருங்கள். புதரில் கை விடுகிற வேலை என்பதால் அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், உடம்பில் சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு எங்காவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தாலும் இல்லாவிட்டாலும் செடிக்குள் போனதை டாக்டரிடம் சொல்லுங்கள். உண்ணிக்காய்ச்சல் மழை, பனி மாதங்களில் நம் பக்கம் வருகிறது, சொன்னால்தான் அவர்களுக்கும் அந்த நினைப்பு வரும்.

பறிப்பதற்கு முன்னால் நீண்ட கம்பால் செடியைத் தட்டிவிட்டு ஒரு நிமிஷம் நில்லுங்கள், பூச்சி பொட்டு இருந்தால் போகட்டும். தப்பித்தவறிப் பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வாக்கரின் முன் கம்பியில் பையைக் கட்டினால் பாரம் முன்னால் இழுக்கும், ஆகவே பையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பூவை மாமியாரே பறிக்கட்டும். எது முற்றினது, எது காப்புக்கு ஆகும் என்பதெல்லாம் அவர் சொல்வார், நீங்கள் பையின் வாயைப் பிரித்துப் பிடித்தால் போதும்.